கடல் கடந்து ஈட்டும் பணம்

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! விவசாயப் பெருமக்களே!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீபாவளி கழிந்ததும் பட்டாசு வேலை குறைகிறது. கரிசல் நிலமோ வானம் பார்த்த பூமி. மழையும் பொய்த்தால், சில மாதங்கள் வளைகுடா நாடுகளில் பொருளீட்டச் செல்வோர் உளர். அப்பணம் வீடு சேரும் வழியிலேயே கரைந்துவிடலாகாது.

பணம் அனுப்பும் நிலையத்தார் கேட்கும் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். நாணய மாற்று விகிதத்தில் அவர்கள் பிடித்துக்கொள்வது தெரியாது. 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 2 வீதம் குறைந்தாலே 1,000 ரூபாய் போயிற்று! "கட்டணம் இல்லை" என்ற பலகையைக் கண்டு மயங்காது, "வீட்டிற்கு எத்தனை ரூபாய் சேரும்?" என்று நாலு இடங்களில் வினவுதல் வேண்டும். தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குமிடத்தில் சிறுகச் சிறுக அனுப்புவது நஷ்டமே.

வீட்டிலுள்ள மனைவியின் கணக்கையும் கவனியுங்கள். 2014-ல் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்கிற்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டுவதில்லை. ஆதலின் அதன்பொருட்டு அபராதமும் இல்லை. ஆயினும், உரிய அடையாளச் சான்றின்றித் திறக்கப்பெற்ற 'சிறு கணக்கு' எனில், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டலாகாது. அதனினும் முக்கியமானது, அடையாளம் முழுமையாக நிறுவப்படும் வரை வெளிநாட்டுப் பணம் அதில் வரவு வைக்கப்பட மாட்டாது என்பதாகும். கணவர் அனுப்பிய பின்னர் இதனை அறிந்து பயனென்ன? அங்கத்தினர்களே, அவர் பயணச் சீட்டு வாங்குமுன்பே அம்மாதரைச் சான்றுகளுடன் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள்.