எழுதாத காயத்துக்கு ஈடு இல்லை

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

வேலையில் அடிபட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தை ஒப்பிக்க நான் வரவில்லை. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். கடனுக்குச் சொன்னது காயத்துக்கும் பொருந்தும். அடிபட்ட அன்றே அது எழுத்தில் ஏறிவிட்டால் சட்டம் நம் பக்கம் நிற்கும். ஏறாவிட்டால், எவ்வளவு நல்ல சட்டமும் நமக்கு வெறும் காகிதந்தான். இதை உங்கள் மனத்தில் பதிய வைத்துவிட்டால் நான் வந்த வேலை முடிந்தது.

தோழர்களே! இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1837-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை செய்த பையன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் போனான். வண்டி உடைந்தது, அவன் தொடையெலும்பும் முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேலே இருந்த நீதிபதிகளோ அதைத் தள்ளிவிட்டார்கள். சக வேலைக்காரன் செய்த பிழைக்கு எஜமான் பொறுப்பல்ல, ஆபத்து தெரிந்தால் வேலைக்காரன் வண்டியில் ஏறாமல் இருந்திருக்கலாமே என்பது அவர்கள் நியாயம்! பசித்த வயிறு வண்டியில் ஏற மறுக்குமா என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அந்த நியாயத்தை உடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. ஜெர்மனி 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1897-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் செய்தது. இந்தியாவில் 1923-ல் அப்படியொரு சட்டம் வந்தது. யார் பிழை என்று சண்டை போடாமல், வேலையால் வந்த காயமா என்று மட்டும் பார்த்து ஈடு கொடுப்பதுதான் இந்தச் சட்டங்களின் உயிர்நாடி.

நம் கிள்ளானுக்கும் இதில் பங்குண்டு. 1941-ல் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் முன்நின்ற அந்தப் போராட்டத்தில் சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். ஒழுங்கான வைத்திய வசதி வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் மாண்டார்கள். இன்று நாம் அடிபட்டால் வைத்தியச் செலவு கேட்கிறோமே, அந்தக் கோரிக்கைக்கு இந்த மண்ணில் இரத்தம் சிந்தியிருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

பிறகு 1952-ல் மலாயாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நஷ்டஈட்டை முதலாளி கொடுக்க வேண்டும். ஆகவே விபத்தை மறைத்தால் முதலாளிக்கு லாபம். "வீட்டில் விழுந்தாய், தோட்டத்தில் விழவில்லை" என்று சாதிப்பதற்கு அன்று ஒரு காரணம் இருந்தது.

1969-ல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971-ல் சொக்சோ, அதாவது இன்றைய பெர்கெசோ, வேலையைத் தொடங்கியபோது அந்தக் கணக்கு மாறிப்போனது. இப்போது முதலாளி மாதாமாதம் சந்தா கட்டுகிறார். விபத்துக்கான பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 1.25. அது முழுவதும் முதலாளியுடையது. தொழிலாளி சம்பளத்தில் அதற்கென்று ஒரு காசு பிடிக்கக் கூடாது. உங்கள் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் நூற்றுக்கு அரை, வேலை சாராத உடல் முடக்கத்துக்கான வேறு திட்டத்துக்கு. அடிபட்டால் ஈடு கொடுப்பது பெர்கெசோ, தோட்டமல்ல.

இதை நன்றாகக் கவனியுங்கள். நீங்கள் நஷ்டஈடு கேட்டால் துரையின் பையிலிருந்து பணம் போவதில்லை. சந்தா ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதே சட்டம், அடிபட்டதற்காக முதலாளி மேல் தனியாக வழக்குப் போடும் வழியையும் தொழிலாளிக்கு அடைத்திருக்கிறது. கோர்ட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திறந்துவிட்ட கதவு இது ஒன்றுதான். இதையும் நாம் பயன்படுத்தாவிட்டால் நமக்கு வேறு கதி ஏது?

இனி, கிடைப்பது என்ன என்று பார்ப்போம்.

டாக்டர் கொடுக்கும் ஓய்வு, அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக முடக்கத்துக்கான உதவித்தொகை உண்டு. அது நாட்சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 80. சராசரி 60 வெள்ளி என்றால் நாளுக்கு 48 வெள்ளி. முப்பது நாள் படுத்தால் 1,440 வெள்ளி. சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பெர்கெசோவின் பட்டியலில் உள்ள கிளினிக்குகளிலும் வைத்தியம் இலவசம்.

காயம் ஆறியும் கையோ கண்ணோ பழையபடி வராவிட்டால், டாக்டர்கள் குழு ஒன்று எத்தனை சதவிகிதம் இழப்பு என்று மதிப்பிடும். முழு முடக்கம் என்றால் நாட்சராசரியில் நூற்றுக்கு 90. குறைவாக இருந்தால் அந்தச் சதவிகிதப்படி. அதே 60 வெள்ளிக்காரருக்கு 30 சதவிகித இழப்பு என்றால் நாளுக்கு 16 வெள்ளி 20 காசு. மாதத்துக்கு 486 வெள்ளி, ஆயுள் முழுவதும். விரும்பினால் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இழப்பு 20 சதவிகிதமோ அதற்குக் குறைவோ என்றால், முழுவதையும் மொத்தமாகவே பெறலாம். குழுவின் தீர்ப்பு நியாயமாகப் படவில்லையா? 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, மறுபயிற்சி ஆகியவையும் உண்டு. மலாக்காவில் அதற்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் 2014 முதல் நடக்கிறது.

உயிரே போய்விட்டால், குடும்பத்துக்கு நாட்சராசரியில் நூற்றுக்கு 90 கிடைக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு. இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு.

காலை ஐந்தரை மணிக்கு வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு வரும்போது விழுந்தாலும் அது வேலை விபத்துதான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியும் அப்படியே. அனுமதித்த சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழியும் அப்படியே. ஆனால் வழி மாறி வேறு வேலையாகப் போயிருந்தால் சிக்கல். நேர்வழியில் விழுந்தவர் "எந்த வழியில் விழுந்தேன்" என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. பின் ஏன் பலருக்குக் கிடைப்பதில்லை?

தோட்டங்களில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். ஓர் அம்மாள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் வெட்டிக்கொண்டு போகிறார். காய்ந்த கொப்பு ஒன்று கண்ணில் குத்துகிறது. "சின்ன அடிதானே" என்று சேலைத் தலைப்பால் ஒத்திக்கொண்டு மிச்ச மரங்களையும் வெட்டி, பாலையும் எடுத்துக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் கண் சிவக்கிறது. நாட்டு மருந்து போடுகிறார். மூன்றாம் நாள் வேலைக்கு வரவில்லை. செக்ரோலில் "ஆப்சென்ட்" விழுகிறது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்கிறார். பயத்திலும் பாஷைத் தடுமாற்றத்திலும், "தெரியவில்லை, வலிக்கிறது" என்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் தோட்டமும் இல்லை, கொப்பும் இல்லை. ஆறு மாதம் கழித்து, பார்வை போன பிறகு, சங்கத்துக்கு வருகிறார். அப்போது நம் கையில் என்ன இருக்கிறது? ஆப்சென்ட் என்று எழுதிய செக்ரோல் ஒன்று. வேலை என்ற சொல்லே இல்லாத வைத்தியக் காகிதம் ஒன்று. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுத்தெல்லாம் அவருக்கு எதிராக நிற்கிறது.

ஆகவே தோழர்களே, நான்கு காரியங்களை மறக்காதீர்கள்.

முதலாவது, எவ்வளவு சின்ன அடியானாலும் அன்றே சொல்லுங்கள். கத்தி வெட்டு, குளவிக் கொட்டு, பாம்புக்கடி, பால் கொட்டகையில் ஆசிட் தெறித்தது, ரோலரில் விரல் சிக்கியது என எதுவானாலும் கண்டக்டரிடமோ ஆபீசிலோ அன்றே சொல்ல வேண்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கெசோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் வாய் திறந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடும்.

இரண்டாவது, பக்கத்து நிரைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கைப்பேசி இல்லாத வீடு இன்று இல்லை. காயத்தையும் இடத்தையும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "வேலை செய்யும்போது அடிபட்டேன்" என்று சொல்லுங்கள். பாஷை வராவிட்டால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். அவர் எழுதும் முதல் வரிதான் பிறகு உங்களுக்குச் சாட்சி.

நான்காவது, எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த காகிதத்துக்கெல்லாம் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

"என் கவனக்குறைவுதான், அதனால் கிடைக்காது" என்று சிலர் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. முதலாளியின் வேலைக்காகச் செய்த காரியத்தில் ஒரு விதியை மீறியிருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காக ஈடு போய்விடாது. 1837-ன் நியாயத்தை நாமே நம் தலையில் மறுபடியும் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கிராணிமார்களே, இனி உங்களிடம் ஒரு வார்த்தை. நானும் உங்களில் ஒருவன். ஆகவே ஒளிக்காமல் பேசுகிறேன். தொழிலாளி வேறு, உத்தியோகஸ்தன் வேறு என்று நம்மைப் பிரித்து வைத்த காலம் ஒன்று இருந்தது. 1941-ல் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில், கொடுமை செய்யும் தோட்ட உத்தியோகஸ்தர்களை நீக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த வரி நம்மைப் பற்றியது. இன்று நம் கையில் சவுக்கு இல்லை, பேனா இருக்கிறது. விபத்து அறிக்கையில் நாம் எழுதும் இரண்டு வரி ஒரு குடும்பத்தின் ஆயுள்காலச் சோறு. "இவ்வருஷம் விபத்தே இல்லை" என்று பலகையில் போட்டுக்கொள்ளும் ஆசைக்காகச் சில இடங்களில் காயத்தை லீவாக மாற்றச் சொல்வார்கள். அப்போது மரியாதையாக ஒன்றைச் சொல்லுங்கள்: "ஐயா, அறிவிப்பதால் நிர்வாகத்துக்கு நஷ்டமில்லை, அறிவிக்காவிட்டால் சட்டம் நிர்வாகத்தைத்தான் கேட்கும்." சம்பளத்தையும் குறைத்துக் காட்டாதீர்கள். ஓவர்டைமும் சேர்ந்ததுதான் சந்தாக் கணக்கு. சந்தா குறைந்தால் நாட்சராசரி குறையும். நாட்சராசரி குறைந்தால் அடிபட்டவன் வீட்டு உலையில் அரிசி குறையும்.

கடைசியாக, நம்மோடு இன்று நிற்காதவர்களையும் நினைக்க வேண்டும். கிள்ளானைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. லயத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும், கிள்ளான் துறைமுகத்துக் கிடங்குகளிலும், குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை. தொழிலாளியைப் பெர்கெசோவில் பதியாத முதலாளி குற்றவாளி. 10,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. இன்றிரவே உங்கள் பிள்ளையிடம், "உன் பெயரில் சந்தா கட்டுகிறார்களா?" என்று கேளுங்கள். நம் பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் 2019 ஜனவரி 1 முதல் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கும் சொல்லுங்கள். கத்தி ஜாதியும் பார்ப்பதில்லை, தேசமும் பார்ப்பதில்லை.

பழைய காயத்துக்கான காகிதங்களை வைத்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலருகில் உள்ள மேசைக்கு வாருங்கள். காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம்; இருக்கும் காகிதத்தைப் பார்த்து, செய்ய முடிந்ததைச் சங்கம் செய்யும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.