கேளாதாரைக் கேளாத மன்றம்

(பேச்சுப் பயிற்சித் துறையிலும் கேட்பியல் துறையிலும் பயிலும் மாணவர் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பேச்சுக்குறை தீர்க்கும் வல்லுநரும் கேட்பியல் வல்லுநரும் இக்கால் நாடுதோறும் மாநாடு கூட்டுகின்றனர். ஒருவர் மேடையேறித் தம் ஆய்வுரையைப் படிக்கின்றார், பயிற்சிக்கு முன் ஒரு குழந்தை எவ்வாறு பேசிற்று, பின் எவ்வாறு பேசிற்று என்று படம் ஓட்டிக் காட்டுகின்றார், அவை கைதட்டுகின்றது. இதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அம்மேடையில் ஏறுமுன் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய பழைய மாநாடு ஒன்று உண்டு. அது 1880ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6 முதல் 11 வரை, இத்தாலி நாட்டு மிலான் நகரில் நடந்தது. செவி கேளாதோர் கல்விக்கெனக் கூடிய பன்னாட்டு மாநாடு அது. பேச்சுப் பயிற்சியும் கேட்பியலும் அன்று தனித்துறைகளாக வளரவில்லை. அப்பணியைச் செய்தோர் செவி கேளாதார் பள்ளி ஆசிரியரே. ஆகலின் மிலானில் கூடியோர் உங்கள் துறையின் முன்னோர் எனலாம்.

அம்மாநாட்டின் முன் நின்ற வினா ஒன்றே. செவி கேளாத குழந்தைக்கு எம்மொழியாற் கல்வி தருவது? பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதற்கு இருவேறு விடைகள் தோன்றிவிட்டன. பிரான்சின் பாரிசு நகரில் தெலெப்பே என்னும் மறைத்தொண்டர், அக்குழந்தைகள் தமக்குள் வழங்கிய சைகைகளையே அடிப்படையாகக் கொண்டு கற்பித்தார். செருமனியில் சாமுவேல் ஐனிக்கே என்பார், வாய்ப்பேச்சே கல்விக்கு வாயில் எனக் கொண்டு 1778இல் இலைப்சிக்கில் பள்ளி நிறுவினார். முன்னவர் வழியில் கற்ற இலாரன்ட்டு கிளெர்க்கு என்னும் செவி கேளாத ஆசிரியர் அமெரிக்கா சென்று, தாமசு ஆப்கின்சு காலடெட்டு என்பாருடன் கூடி 1817இல் ஆர்ட்டுபோர்டில் பள்ளி தொடங்கினார். செவி கேளாதவரே ஆசிரியராய் அமர்ந்து தம்மனையார்க்குக் கற்பித்த காலம் அது.

இனி மிலானுக்கு வருவோம். வந்திருந்த பேராளர் 164 பேர். அவருள் இத்தாலியர் 87, பிரெஞ்சுக்காரர் 56. அமெரிக்கர் ஐவரே. செவி கேளாதவர் எத்தனை பேர்? ஒருவர், ஒரே ஒருவர்! வாசிங்டன் நகரப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் சேம்சு தெனிசன் என்பார் அவர். எவர் மொழியின் வாழ்வும் சாவும் ஆராயப்பெற்றதோ, அவர்க்கு 164 இருக்கைகளுள் கிடைத்தது ஓரிருக்கை.

மேடையில் நடந்தது யாது? மாநாட்டுத் தலைவர் சூலியோ தார்ரா, தாமே மிலானில் செவி கேளாதார் பள்ளி நடத்தியவர். சைகை கற்பனையைக் கிளறுமேயன்றித் தெளிந்த எண்ணத்தைத் தாராது என்றும், உயிரின் உயர்ந்த கருத்துகளை உரைக்க வல்லது வாய்ப்பேச்சு ஒன்றே என்றும் அவர் நெடிதுரைத்தார். அவ்வுரையினும் வலிது, அந்நகரப் பள்ளிகளின் மாணவரைக் கொண்டு நிகழ்த்திய காட்சி. மாணவர் வரிசையாக வந்து நின்றனர், வினாக்களுக்கு வாயாற் பேசி விடையிறுத்தனர், அவையோர் வியந்தனர். வினா முடியுமுன்னரே சிலரிடமிருந்து விடை வந்ததனையும், அம்மாணவருட் சிலர் செவியிழக்குமுன் பேசப் பழகியவராய் இருத்தல் கூடும் என்பதனையும் எதிர்த்தரப்பார் சிலர் சுட்டினர். அவர் ஐயத்தைத் தீர்ப்பார் இலர். காட்சி முந்திக்கொண்டது, ஆராய்ச்சி பிந்திவிட்டது.

எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர் எட்வர்டு மைனர் காலடெட்டு. ஆர்ட்டுபோர்டுப் பள்ளி கண்ட காலடெட்டின் இளைய மகன் இவர். இவர்தம் தாயார் சோபியா பௌலர், செவி கேளாதவர். அப்பள்ளியின் முதல் மாணவருள் ஒருவர். தாயின் வாய் பேசவில்லை. தாயின் கைகள் பேசின. எனவே சைகை இவருக்கு நூலிற் கற்ற முறையன்று. தாய்மடியிற் பெற்ற மொழி. இவர் வாய்ப்பேச்சைப் பழித்தாரும் அல்லர். பேசக் கூடிய குழந்தைக்குப் பேச்சும் பயிற்றுக, சைகையையும் விடற்க என்பதே இவர் கொள்கை. அந்நடுநிலை அங்குச் செல்லவில்லை. வாய்ப்பேச்சு முறையே சைகையினும் சிறந்தது என்னும் தீர்மானத்தை ஏற்றோர் 160 பேர், மறுத்தோர் நால்வர். சைகையும் பேச்சும் கலத்தலே தீது என்று மற்றொரு தீர்மானமும் நிறைவேறிற்று.

அத்தீர்மானம் சட்டமன்று, எந்நாட்டையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும், வல்லுநர் மாநாடு கூடிச் சொல்லிற்று என்னும் பெயர் போதாதா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி பள்ளியாகச் சைகை விலக்கப்பட்டது. செவி கேளாத ஆசிரியர் பலர் பணியிழந்தனர். பேச்சுக் கற்பிக்க அவர் தகார் என்றனர். கையசைத்த குழந்தைகள் ஒறுக்கப்பட்டனர். கையைக் கட்டிவைத்த பள்ளிகளும் உண்டு. ஒலியே கேளாத குழந்தை, ஓர் ஒலியைச் சரியாக ஒலிக்கவே பல திங்கள் உழன்றது. அக்காலத்திற் பெறவேண்டிய கணக்கும் வரலாறும் அதற்குக் கைநழுவின. நாவுக்குப் பயிற்சி தந்தனர். அறிவுக்கு உணவு குறைத்தனர்.

அம்மொழி இறந்ததோ எனின், இல்லை. வகுப்பறையில் தடுத்ததை விடுதியறையிற் காத்தனர் குழந்தைகள். செவி கேளாதோர் குடும்பங்கள் தம் மக்கட்கு அதனை வழிவழி ஈந்தன. அமெரிக்கச் செவி கேளாதோர் தேசியச் சங்கத்தின் தலைவராயிருந்த சியார்சு வெதிட்சு, தம் மொழி அழியாதிருத்தற்கு 1913இல் திரைப்படத்தில் தம் கைகளாலேயே உரை நிகழ்த்திப் பதிந்து வைத்தார். 1960இல் வில்லியம் சுடோக்கி என்னும் ஆசிரியர், அமெரிக்கச் சைகைமொழியை மொழியியல் முறையில் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் முறை என்னும் கூறுகள் சேர்ந்தே ஒவ்வொரு சொல்லும் அமைகின்றது என்று அவர் காட்டினார். அது பேச்சுமொழியின் நிழலும் அன்று. அமெரிக்கரும் ஆங்கிலரும் பேசுவது ஒரே ஆங்கிலம். அவ்விரு நாட்டுச் சைகைமொழிகளோ ஒன்றற்கொன்று விளங்காதவை. அமெரிக்கச் சைகைமொழிக்கு உறவு, கிளெர்க்கு கொணர்ந்த பிரெஞ்சுச் சைகைமொழியே. தனிப்பிறப்பும் தனியிலக்கணமும் உடையதனை மொழியன்று என்பார் எவர்?

2010ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவர் நகரில் அதே மாநாட்டு வரிசையின் 21ஆம் மாநாடு கூடிற்று. மிலான் தீர்மானங்கள் அங்குத் தள்ளப்பட்டன. அவற்றால் விளைந்த தீங்கிற்கு வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஆறு நாளிற் செய்த பிழையை ஒப்புக்கொள்ள 130 ஆண்டுகள்! இடையில் வாழ்ந்து மடிந்த குழந்தைகட்கு அவ்வருத்தம் எட்டுமோ?

இளைஞர்காள்! இதனாற் பேச்சுப் பயிற்சியை வெறுக்க என்பது கருத்தன்று. திக்குவாயால் துன்புறுவார்க்கும், மூளைநோயாற் சொல்லிழந்தார்க்கும், செவிக்கருவியாற் பயன்பெறுவார்க்கும் உங்கள் தொண்டு உயிர்த்தொண்டே. ஆயின் நாளை மாநாட்டில் நீங்கள் உரை படிக்குங்கால் நான்கனை மறவற்க.

தேறிய குழந்தையை மட்டும் காட்டித் தேறாத குழந்தையை மறைக்கற்க. காட்டும் குழந்தை எப்போது செவியிழந்தது, முன்னரே என்ன அறிந்திருந்தது என்பதனை ஒளியாது உரைக்க. அக்குழந்தைக்குப் பேச்சில் எத்துணைக் குறை என்று அளக்குமுன், அதன் சொந்த மொழியில் எத்துணை நிறைவு என்று அளக்க. சைகையிற் கதை சொல்லவல்ல குழந்தையை மொழியற்றது என்று எழுதற்க. எல்லாவற்றினும் மேலாக, எவரைப் பற்றிப் பேசுகின்றீரோ அவரை மேடையில் அமர்த்துக. அவர் மொழியிலேயே பேசவிடுக. மற்றையோர்க்கு அதனைப் பெயர்த்துரைக்க ஒருவரை அருகில் நிறுத்துக. அவர் உங்கள் மொழிக்கு வரவேண்டும் என்பது ஒருவழிப் பாதை. நீங்களும் அவர் மொழிக்குச் செல்லவேண்டும் என்பதே அறம்.

மிலானில் ஒருவர்க்கு மட்டுமே இருக்கை இருந்தது. நீங்கள் கூட்டும் மாநாட்டில் எத்தனை இருக்கைகள் என்று முதலில் எண்ணுக. அதன்பின் ஆய்வுரையைத் தொடங்குக.