மீட்பர் யாரை மணக்கிறார்?

1965இல் பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவலில், பாலைவனக் கோளான அராக்கிஸில் ஒடுக்கப்பட்டுக் கிடக்கும் மக்கள் ஃபிரெமன்கள். அவர்களின் மீட்பராகிறான் பால் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை.

யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெற வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டமிட்டு ரத்தவழி வளர்க்கிறது பெனி கெசரிட் அமைப்பு. மீட்பர் வருவார் என்ற நம்பிக்கையை ஃபிரெமன்களிடம் விதைத்ததும் அதே அமைப்புதான்.

கடைசியில் பால் அரியணைக்காகப் பேரரசரின் மகளை மணக்கிறான். கூடவே நின்று போராடிய ஃபிரெமன் பெண் சானிக்கு மனைவி என்ற இடம் இல்லை.

அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே காட்டினார். மீட்பர் என்று யார் வந்தாலும் கேளுங்கள்: உங்கள் வீட்டில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் யாரோடு?