கருவில் வளரும் அறிவும் குடும்பத்தின் கடமையும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்பநல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து அரசுப் பணிக்கு வந்தவன். நம் சமுதாயப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டவன் என்ற முறையில், அக்கல்வி தொடங்கும் இடத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

சமயச் சொற்பொழிவுகளில் நாம் பலமுறை கேட்ட கதைகள் இரண்டு உண்டு. ஒன்று, தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதன் கதை. மற்றொன்று, சக்கரவியூகத்துள் நுழையும் முறையைக் கருவிலே கேட்டு, வெளியேறும் முறையைக் கேளாமற்போன அபிமன்யுவின் கதை. அபிமன்யுவைப் பற்றிப் பேசும்போது, "தாய் உறங்கிவிட்டாள்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். பிரகலாதன் கதையில் மற்றொரு செய்தி இருக்கிறது. நாரதர் எடுத்த எடுப்பில் உபதேசம் செய்யவில்லை. கருவுற்றிருந்த அந்தத் தாயை முதலில் இந்திரனிடமிருந்து மீட்டு, தம் ஆசிரமத்தில் அச்சமின்றித் தங்கவைத்தார். உபதேசம் அதன் பின்னரே நிகழ்ந்தது.

கருவுற்றவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் நாம், அவளைச் சூழ்ந்திருப்போர் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இதுவே என் உரையின் சாரம்.

முதல் 28 நாள்கள்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு நரம்புக் குழாயிலிருந்து உருவாகின்றன. கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாள்களுக்குள் அக்குழாய் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறியும் முன்னரே இப்பணி பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. குழாய் சரிவர மூடாவிடில் மூளையிலோ முதுகெலும்பிலோ கடுமையான குறை ஏற்படுகிறது. நாமோ ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, அன்றுதான் அவளை அமரவைத்து அறுசுவை பரிமாறுகிறோம். வளைகாப்பு போற்றத்தக்க சடங்கே. ஆயினும் நம் கவனிப்பு அங்கே தொடங்கினால் அது காலங்கடந்த கவனிப்பாகும்.

இக்குறையைப் பெரிதும் தடுப்பது போலிக் அமிலம் என்னும் சத்து. இதன் வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைக் கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்த காலம் அது. அதன் காரணத்தை ஆராய்ந்த அவர் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் சென்னையிலும் தம் பணியைத் தொடர்ந்தார். அவர் கண்டது உணவுக் குறையைத்தான். நம் மளிகைக் கடைகளில் இன்றும் விற்கப்படும் மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர். 1931இல் இம்முடிவை அவர் வெளியிட்டார். அதில் மறைந்திருந்த சத்தை அறிவியலார் 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். 1991இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு இச்சத்தை முன்கூட்டியே கொடுத்தால், மறுபடியும் அவ்வாறு நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று நிறுவியது.

ஆகவே கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, முதல் 12 வாரம் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ உலகின் பரிந்துரை. நீரிழிவு, வலிப்பு நோய் உடையவர்களும், முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களும் மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டும். கீரையிலும் பயறிலும் இச்சத்து உண்டு. ஆயினும் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும்.

யார் தட்டில் என்ன விழுகிறது?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமாரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வயிற்றில் பிள்ளையோடு பால் வாளி சுமந்து, வீடு திரும்பிச் சமைத்து, கணவரும் பிள்ளைகளும் உண்ட பின் மிஞ்சியதை உண்டவர்கள் அவர்கள். இன்று பல குடும்பங்கள் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டன. பெண்கள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிகின்றனர். ஆனால் கடைசியாக உண்ணும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் நம்மோடு குடிவந்திருக்கிறது. பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று கூறி உணவைக் குறைக்கச் சொல்வாரும் உளர்.

கருவிலுள்ள மூளை வளர இரும்புச்சத்து இன்றியமையாதது. நரம்புகளைப் போர்த்தும் உறை உருவாவதற்கும், நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கும் அது தேவை. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனப்படும். இரும்பு மாத்திரையையும் தேநீரையும் சேர்த்து உட்கொள்ளலாகாது. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ அதனைச் சேர உதவும். அயோடின் குறைந்தாலும் மூளை வளர்ச்சி குன்றும். ஆதலின் அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துக.

மதுவும் புகையும்

தோட்டப்புறங்களில் கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தாய் அருந்தும் மது தொப்புள்கொடி வழியே குழந்தையைச் சேர்ந்து மூளையை நிலையாகப் பாதிக்கிறது என்பதை 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் தெளிவாக விளக்கினர். இவ்வளவு அருந்தினால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. தாய் குடிக்காத வீட்டிலும் தந்தையின் சிகரெட் புகை அவள் மூச்சில் கலக்கிறது. அவர் குடித்துவிட்டு எழுப்பும் சண்டையோ அவள் உறக்கத்தையும் உணவையும் பறிக்கிறது.

குழந்தை கருவிலே கேட்கும் என்பது வெறும் கதையன்று. ஆறாம் மாதமளவில் அதன் செவி ஒலியை உணரத் தொடங்குகிறது. தாய் கடைசி ஆறு வாரங்களில் உரக்கப் படித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளங்கண்டுகொண்டதை 1986இல் ஓர் ஆய்வு காட்டியது. தேவாரம் கேட்பித்தால் பிள்ளை மேதையாகும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் பிறக்கும் முன்னரே அதற்குப் பழகிப்போகும் குரல் அதன் தாயின் குரல். அக்குரல் அழுகுரலாக இராமல் காப்பது நம் கடமை.

பழிப்பதை விடுவோம்

பிள்ளை பேசத் தாமதித்தாலோ படிப்பில் பின்தங்கினாலோ, "வயிற்றில் இருக்கும்போது நீ என்ன செய்தாய்?" என்று தாயைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது அறமாகாது. மரபணுவாலும், காரணம் அறியப்படாமலும் வரும் குறைகள் பல. தடுக்கக்கூடியவற்றிலும் தாய் மட்டும் பொறுப்பாளி அல்லள்.

நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு சொல். கருவுற்றிருக்கும் பெண் பட்டினி விரதம் இருந்து பால்குடம் சுமக்க வேண்டுமென வற்புறுத்தாதீர்கள். அந்நேர்த்தியை அவள் பின்னர் நிறைவேற்றலாம், கணவரும் ஏற்கலாம். தன்னிடம் வளரும் உயிரைப் பேணுவதே அவளுக்கு அக்காலத்தில் வழிபாடு.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின்கீழ் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகுதியுடைய தந்தையருக்கும் 7 நாள் விடுப்பு வழங்கப்பட்டது. தாதியர் காத்திருக்கும் அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்கில் 12 வாரத்திற்குள் பதிந்துகொள்ளுங்கள். கணவரும் உடன் செல்லுங்கள்.

நிறைவாக, ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கருவுற்ற பின் சொல்லும் அறிவுரை காலந்தாழ்ந்தது என்று கண்டோம். ஆகவே திருமண ஏற்பாட்டுக்காக ஆலயத்தை நாடிவரும் இணையரிடமே இச்செய்திகளைச் சொல்லுங்கள். மணமகள் கையில் தாம்பூலம் கொடுக்கும்போது, மணமகன் கையில் இக்குறிப்புகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுங்கள். அவர் அதைப் படிக்கட்டும். அவருடைய அன்னையாருக்கும் படித்துக் காட்டட்டும்.