மொட்டை மாடியில் ஒரு காற்றுப் பெட்டி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஸ்மார்ட் சிட்டியும் நாமும்'. 2015இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம் பிடித்தன. மதுரை இருக்கிறது, திருநெல்வேலி இருக்கிறது, தூத்துக்குடி இருக்கிறது. சிவகாசி இல்லை. 2021இல் மாநகராட்சி ஆனோம், ஆனாலும் அந்தப் பட்டியலில் நாம் இல்லை. அதற்காக அழுவதற்கு நான் எழுந்து நிற்கவில்லை. ஊர்க்காரர்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சொல்ல வந்தேன்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்று ஒரு நகரம். நமக்குப் பட்டாசு எப்படியோ, அவர்களுக்குக் கார் அப்படி. மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே இரண்டுக்கும் அதுதான் தாய்வீடு. சுற்றிலும் மேடு, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். புகை லேசில் வெளியேறாது. அங்கே ஒரு சாலைச் சந்திப்பில் அரசு வைத்திருந்த அளவு நிலையம் வருடா வருடம் ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தச் சந்திப்பின் கணக்கு சரி, என் தெருவின் கணக்கு என்ன என்று சிலர் கேட்டார்கள். 2015இல் தன்னார்வலர்கள் சேர்ந்து ஏறத்தாழ 30 யூரோ செலவில் ஒரு கருவியை வடிவமைத்து, வீட்டுக்கு வீடு மாட்ட ஆரம்பித்தார்கள். எல்லா அளவுகளும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணைய வரைபடத்தில் ஏறின. இன்று அது 'சென்சார் கம்யூனிட்டி' என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கிறது. கார் விற்றுச் சாப்பிடுகிற ஊர்க்காரர்களே தங்கள் ஊர்ப் புகையை அளந்து வெளியில் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

போன ஐப்பசியில் அதே கருவியை என் மொட்டை மாடியில் மாட்டினேன். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மூடி என்று சொன்னால் இரண்டு பிவிசி குழாய் பெண்டுதான். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி அதன் மேல் படும். தூசி சிதறடிக்கிற ஒளியை வைத்து எவ்வளவு தூசி என்று கணக்கிடும். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை வைஃபை வழியாக அனுப்பிவிடும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது பி.எம். 2.5 என்கிற நுண்தூசி, அதாவது நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

முதல் வாரமே நான் ஏமாந்தேன். மழை விட்ட ஒரு விடியற்காலை அளவு எகிறியது. தெருவில் யாரோ டயர் எரிக்கிறார்கள் என்று கைலியோடு இறங்கித் தேடினேன். ஒன்றும் இல்லை. ஈரக் காற்றில் தூசி நீரை உறிஞ்சி ஊதிப்போகும், கருவி அதைப் பெரிய தூசி என்று எண்ணிக்கொள்ளும். வெயில் ஏறியதும் எண் தானாக இறங்கியது. தீபாவளி வருவதே அடைமழைக் காலத்தில். அதனால் ஈரப்பதத்தையும் கூடவே அளக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையத்தோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நம் தெரு ஃபோர்மேன் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இதையெல்லாம் வெளியில போட்டா, டெல்லிக்காரன் கையில நாமளே கம்பை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?" நியாயமான பயம். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேரியம் போய், வெடிக்கும் நேரம் சுருங்கி, இந்த ஊர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் அதே தீர்ப்புதான் தீபாவளிக்கு முன் 7 நாள், பின் 7 நாள் காற்றை அளக்கவும் சொன்னது. அந்த 14 நாள் எண்ணை வைத்து நம்மைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. மீதி 351 நாள் இந்தத் தெருவில் குழந்தைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது. என் மாடியில் தீபாவளி ராத்திரி எண் ஏறத்தான் செய்தது, மறைக்கவில்லை. சாதாரண நாட்களில் அந்தி சாய்ந்ததும் அடிக்கடி ஏறியதே, அதற்குக் காரணம் பட்டாசு இல்லை. தெருமுனைக் குப்பைக்கு வைக்கிற தீ. தீபாவளி எண்ணை ஒளித்துவிட்டு குப்பை எண்ணை மட்டும் காட்டினால் மாநகராட்சியில் யார் நம்புவார்கள்?

அதே சமயம் இந்தப் பெட்டியை ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம். தூசி எவ்வளவு என்று சொல்லும், யார் வீட்டுத் தூசி என்று சொல்லாது. கந்தகப் புகையும் பேரியமும் அதன் கண்ணுக்குத் தெரியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட விபத்தை இது தடுக்காது. அதற்கான வேலை வேறு, அதைச் செய்ய வேண்டியவர்களும் வேறு.

ஒரு மாடி போதாது. பத்து வீடு கேட்கிறேன். அச்சகங்கள் பக்கம் இரண்டு, பள்ளிக்கூடம் பக்கம் இரண்டு, பைபாஸ் ஓரம் ஒன்று அவசியம். மழை நேரடியாகப் படாத இடம், ஒரு பிளக் பாயிண்ட், விட்டுப்போகாத வைஃபை இருந்தால் போதும். அடுப்படி எக்ஸாஸ்ட் பக்கமும் சாம்பிராணி போடும் இடமும் வேண்டாம். கருவிச் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும் என்று தலைவர் காலையில் என்னிடம் சொன்னார். மைக்கில் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற முடியாது. டீ குடிக்கும்போது வாசல் மேசையில் நோட்டு இருக்கும், பெயரும் கதவு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.