இறப்பை அறுதியிடும் உரிமை யாருக்கு?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மனிதருக்கு ஒரு பிறப்பு, ஓர் இறப்பு என்றே நாம் எண்ணியிருக்கிறோம். சட்டமும் அவ்வாறே எண்ணுகின்றது. ஆனால் அமெரிக்காவில் ஜஹாய் மக்மாத் என்னும் சிறுமிக்கு இரண்டு மரண அத்தாட்சிப் பத்திரங்கள் எழுதப்பட்டன. கலிபோர்னியா மாநிலம் கொடுத்த பத்திரத்தின்படி அவர் இறந்த நாள் 2013 டிசெம்பர் 12. நியூ ஜேர்சி மாநிலம் கொடுத்த பத்திரத்தின்படி 2018 யூன் 22. இரண்டும் அரசு கொடுத்தவை; இரண்டும் செல்லுபடியானவை. இடையே நாலரை ஆண்டுகள். அந்த நாலரை ஆண்டும் அவர் உயிருடையவரா, உயிரற்றவரா? ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் மரணத்தின் இலக்கணமே மாறுபடுகின்றது. ஒற்றையாட்சியின் கீழ் வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றினால் வியப்பில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 13 வயதுப் பிள்ளை. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய். 2013 டிசெம்பர் 9ஆம் திகதி ஓக்லண்ட் நகரில் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் குருதி பெருகிற்று, இதயம் நின்றது. இதயத்தை மீட்ட வைத்தியர்களால் மூளையை மீட்க முடியவில்லை. மூன்றாம் நாள், மூளை இறந்துவிட்டது, ஆகவே பிள்ளை இறந்துவிட்டாள் என்று அறிவித்தார்கள். தாய் தொட்டுப் பார்த்தார். உடல் சூடாக இருந்தது; நெஞ்சு ஏறி இறங்கிற்று. இதயம் துடிக்கும் பிள்ளையைப் பிணமென்று ஏற்க அவர் மறுத்தார்.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. நீதிபதி அம்மருத்துவமனையைச் சாராத ஒரு நிபுணரை நியமித்தார். அவரும் அதே முடிவைச் சொன்னார். கலிபோர்னியாச் சட்டப்படி பிள்ளை இறந்துவிட்டாள் என்று டிசெம்பர் 24ஆம் திகதி தீர்ப்பாயிற்று. ஆயினும் சுவாசப் பொறியைச் சில நாட்களுக்கு நிறுத்தலாகாது என்றும் கட்டளை பிறந்தது. 2014 சனவரியில் மரண விசாரணை அதிகாரி வழியாகத் தாய் தம் மகளைப் பெற்றுக்கொண்டு நியூ ஜேர்சிக்குச் சென்றார். ஏன் அங்கே? அம்மாநிலத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருடைய சமய நம்பிக்கைக்கு மாறாக மூளைச் சாவை மட்டும் கொண்டு அவரை இறந்தவராக அறிவிக்கலாகாது என்கின்றது.

இங்கே ஒரு குழப்பத்தை அகற்றியே மேலே செல்ல வேண்டும். நினைவிழந்து கிடப்பது வேறு, மூளைச் சாவு வேறு. கரன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் சுவாசப் பொறியை அகற்றலாம் என்று 1976இல் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறியை அகற்றினார்கள். அப்பெண் தாமாகவே மூச்சு வாங்கி 1985 வரை வாழ்ந்தார்! அவருக்கு மூளைத் தண்டு உயிரோடிருந்தது. மூளைச் சாவில் அதுவும் போய்விடுகின்றது. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்காது; தொண்டையைத் தொட்டால் குமட்டாது. இறுதியாகப் பொறியைக் கழற்றி, ஒட்சிசனை மட்டும் செலுத்திக்கொண்டு, குருதியில் காபனீரொட்சைட்டு ஏறும்வரை காத்திருப்பார்கள். உயிருள்ள மூளைத் தண்டாயின் அந்நிலையில் மூச்சை வாங்கென்று கட்டளையிடாமல் இராது. ஒரு மூச்சேனும் வந்தால் மூளைச் சாவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. இதயம் துடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். இதயத்துக்குத் துடிப்பைத் தரும் விசை இதயத்துக்குள்ளேயே இருக்கின்றது. ஒட்சிசன் கிடைக்குமளவும் அது துடிக்கும்.

விவசாயப் பெருமக்களே! போர்க்காலத்தில் எறிகணை பட்டு வட்டிழந்த பனைகளை வடக்கில் பாராதவர் யார்? வட்டுப் போனபின் பனை குருத்து விடாது. பக்கத்தில் கிளைக்கவும் மாட்டாது. ஆயினும் அடிமரம் நெடுநாள் நின்றது. நின்றது என்பதற்காக யாரும் பாளை சீவ அதில் ஏறவில்லை. வைத்தியர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

ஏறத்தாழ என்றோம், அதற்குக் காரணமுண்டு. வட்டிழந்த பனை வளர்வதில்லை. அந்தப் பிள்ளையின் உடலோ வளர்ந்தது. பருவ மாற்றமும் அடைந்தது. அலன் ஷூமன் என்னும் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஆதாரங்களை ஆராய்ந்து, மூளைச் சாவென்ற நிலை பின்னாளில் அவருக்குப் பொருந்தவில்லை என்று வாதிட்டார். பெரும்பாலான நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் சட்டம் பயின்றவர் கண்ணில் இதில் ஓர் ஓட்டை தெரியாமற் போகாது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் 1981ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம், முழு மூளையின் எல்லாச் செயல்களும் மீளாதபடி நின்றிருக்க வேண்டும் என்கின்றது. வைத்தியரின் சோதனையோ எல்லாச் செயல்களையும் அளப்பதில்லை. மூளையின் அடியில் உடலின் நீரையும் உப்பையும் ஆளும் ஒரு சிறு பகுதி, மூளைச் சாவடைந்தோர் பலரில் தொழிற்படுவதுண்டு. சட்டம் 'எல்லாம்' என்கிறது. சோதனை 'இன்றியமையாதவை' என்கிறது. இந்த வாசகத்தைத் திருத்த 2021இல் அமைந்த குழு, உடன்பாடு காணமுடியாமல் 2023இல் பணியை நிறுத்திவிட்டது.

சரி, கோடே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. சொத்து எப்போது வாரிசுக்குச் செல்கிறது, மனைவி எப்போது விதவையாகிறார் என்பவை யாவும் அந்த நாழிகையில் தொங்குகின்றன. கொலைக் குற்றவாளி ஒருவன், 'நான் கொல்லவில்லை, பொறியை நிறுத்திய வைத்தியரே கொன்றார்' என்று வாதாடினால் என்ன செய்வது? இங்கிலாந்தில் அவ்வாறே வாதாடினார்கள். 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. கோடு வேண்டும், மூளைச் சாவு என்னும் கோடு நியாயமான கோடு என்பதே நம் துணிபு. நம் கவலை, அதைக் கீறும் கையைப் பற்றியது.

1968 மே மாதம். அமெரிக்காவின் தென்பகுதியில் ரிச்மண்ட் நகரம். புரூஸ் டக்கர் என்னும் கறுப்பினத் தொழிலாளி விழுந்து தலையில் அடிபட்டார். மறுநாள் மாலை அவருடைய இதயம் அவர் உடலில் இல்லை. வெள்ளையர் ஒருவரின் மார்பில் துடித்துக்கொண்டிருந்தது. உறவினர் எவரையும் காணவில்லை என்று சொன்னார்கள். அதே நகரில் அவருடைய உடன்பிறந்தார் சப்பாத்துத் திருத்தும் கடை நடத்திக்கொண்டிருந்தார்! இதயம் எடுக்கப்பட்ட செய்தி குடும்பத்துக்கு எட்டியது, உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தவர் வாயிலாக.

கவனியுங்கள். மூளைச் சாவை வரையறுத்த ஹாவார்ட் பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கை அவ்வாண்டு ஓகஸ்ட்டிலேயே வெளிவந்தது. அதைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கன்சாஸ், ஆண்டு 1970. ஆகவே ரிச்மண்டில் இதயம் எடுக்கப்பட்ட நாளில் அங்கே சட்டப்படி இறப்பு என்பது குருதியோட்டம் நிற்பதே. உடன்பிறந்தார் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடிய டக்ளஸ் வைல்டர், பின்னாளில் 1990இல் அம்மாநிலத்தின் ஆளுநரானவர். 1972இல் விசாரணை நடந்தது. நீதிபதி முதலில் பழைய வரைவிலக்கணத்தையே பற்றி நின்றார். முடிவில், மூளையின் செயலிழப்பையும் கருதலாம் என்று ஜூரிகளுக்கு அறிவுறுத்தினார். வைத்தியர்கள் வென்றார்கள். மறு ஆண்டு சட்டசபை சட்டத்தை மாற்றிற்று. முதலில் செயல், பின்னர் தீர்ப்பு, அதன் பின்னர் சட்டம்! வரிசை தலைகீழாயிற்று.

ஹாவார்ட் குழு தன் நோக்கத்தை மறைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீளாத நோயாளியின் சுமை ஒரு காரணம். உறுப்புப் பெறுவதில் எழும் சர்ச்சை மற்றொரு காரணம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். முதல் இதய மாற்று 1967 டிசெம்பரில் கேப் டவுனில் நடந்து எட்டே மாதம் ஆகியிருந்தது. உறுப்பு மாற்று பேருதவி. நாம் அதற்கு எதிரிகள் அல்லோம். ஆனால் இறந்தாரென்று சொல்பவரும் உறுப்பைப் பெற நிற்பவரும் ஒரே வாசலில் வரும்போது, ஏழைக் குடும்பம் ஐயுறாமல் என்ன செய்யும்? ஜஹாயின் குடும்பமும் கறுப்பினக் குடும்பமே. அத்தாயைப் படிப்பறியாதவர், விஞ்ஞானம் விளங்காதவர் என்று எள்ளியோர் பலர். அவர் விளங்காமலா மறுத்தார்? தம் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை என்று கண்டபின், அவர்கள் சொல்லையும் அவர் நம்பவில்லை. அறியாமைக்குப் பாடம் நடத்தலாம். அவநம்பிக்கைக்கு நடத்தை ஒன்றே மருந்து.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எட்டடி விரியன், கட்டுவிரியன் என்று சொல்லப்படும் பாம்பு தீண்டியவரைப் பாருங்கள். இமை அசையாது, கண் பாவை சுருங்காது, மூச்சு வராது. மூளைச் சாவே போலத் தோன்றும். பொறியில் வைத்துச் சில நாள் காத்தால் எழுந்து வீடு செல்பவர் உண்டு. பயிருக்கு அடிக்கும் நஞ்சும் சில வேளை இதே தோற்றத்தைத் தரும். அதனாலேயே நஞ்சும், மயக்க மருந்தும், உடற்குளிர்ச்சியும் காரணமல்ல என்று தெளிந்த பின்னரே சோதனை தொடங்க வேண்டும் என்பது வைத்திய விதி. 'அவற்றைத் தள்ளிவிட்டீர்களா ஐயா?' என்று கேட்கும் உரிமை வரப்பில் வீழ்ந்தவனின் மகனுக்கு உண்டு. அக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளும் வைத்தியர் தம் விதியைத் தாமே மறந்தவர்.

இலங்கையிலும் மூளைச் சாவுக்குச் சட்டம் இடமளித்திருக்கின்றது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அது. அதே ஆண்டிலேதான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. இரு சட்டங்களும் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு கட்டிலருகே சந்திக்கின்றன. விளங்காத மொழியில் அச்சடித்த தாளை நீட்டி, நள்ளிரவில், அழுதுகொண்டிருக்கும் தாயிடம் பெறும் கையொப்பம் சம்மதமாகுமா? எந்த நியாயத்தலத்திலும் அதைச் சம்மதமென்று நாம் வாதாட மாட்டோம்.

ஆகையால் இங்கு அமர்ந்திருக்கும் வைத்திய நண்பர்களிடம் ஒன்று கேட்கின்றோம். எதைச் சோதித்தோம், எதைத் தள்ளினோம், சோதித்தவர் யார், உறுப்பு வேண்டுவோருக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பது எப்படி என்று குடும்பத்தார் கையில் கொடுக்கத்தக்க ஒரு பக்கத்தை நல்ல தமிழில் எழுதித் தாருங்கள். உறுப்பைப் பற்றிய பேச்சு அந்தப் பக்கத்தில் வேண்டாம். அது வேறு நாளில், வேறொருவர் கேட்க வேண்டியது. எழுதித் தந்தால் சட்டச் சொற்களை நாம் பார்த்துக் கொடுப்போம். அச்சிடும் செலவும் நம்முடையதே.