அவகாசம் வாங்கித் தரும் இயந்திரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிசிக்ஸ் படிச்சுட்டு ஆஸ்பத்திரியில என்னப்பா வேலை?" என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். அறுவை சிகிச்சைக்காக இதயத்தை நிறுத்தி வைக்கும்போது, இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிறவன். ஒரு வகையில் டிரைவர் உத்தியோகம்தான்!

ஆபரேஷன் முடிந்ததும் இதயம் தன் வேலையைத் திரும்ப ஏற்க வேண்டும். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சில சமயம் துடிக்கும், ஆனால் ரத்தத்தைத் தள்ளத் தெம்பிருக்காது. எங்கள் இயந்திரத்தையே ஓட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. நேரம் ஆக ஆக ரத்த அணுக்கள் சிதையும், ரத்தக் கசிவு கூடும்.

1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி முன் இதே சிக்கல் வந்தது. 37 வயதுப் பெண்ணுக்கு இரண்டு வால்வுகளை மாற்றிய பிறகு இதயம் ஒத்துழைக்கவில்லை. ஒரு துணைப் பம்பைப் பொருத்தி 10 நாட்கள் ஓட்டினார். இதயம் தேறியது, அந்தப் பெண் வீடு திரும்பினார். சோர்ந்த இதயம் எல்லாம் செத்த இதயம் இல்லை என்பது அன்று தெரிந்தது.

1967இல் நியூயார்க்கில் டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் மகாதமனிக்குள் பலூன் வைக்கும் முறையை நோயாளிக்குப் பயன்படுத்தினார். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் பலூன் விரியும், இதயத் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும். இதயம் சுருங்கும் முன் பலூனும் சுருங்கும், பாரம் குறையும். உள்ளே நிரப்புவது ஹீலியம். ஏன் தெரியுமா? லேசான வாயு, மெல்லிய குழாயில் சட்டென்று போய்வரும். வகுப்பில் தூங்கியது போக மிச்சம் கேட்ட பாடம், அங்கேதான் கைகொடுத்தது!

பலூனும் போதாவிட்டால் எக்மோ. உடலுக்கு வெளியே ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். 2016இல் ஜெயலலிதா அவர்களுக்கும், 2020இல் எஸ்.பி.பி. அவர்களுக்கும் வைத்தபோது இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அதனாலேயே "எக்மோ"ன்னு சொன்னாலே உறவினர்கள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு பஸ் டிரைவர், வால்வு ஆபரேஷன். பலூன் போதாமல் எக்மோ வைத்தோம். மூன்றாம் நாள் அவர் மனைவி கேட்டார்: "மெஷின் நல்லாத்தானே ஓடுது? அப்புறம் ஏன் சார் முகத்த இப்படி வெச்சிருக்கீங்க?"

"அம்மா, மெஷின் வைத்தியம் பண்ணாது. டைம் வாங்கிக் கொடுக்கும். தேற வேண்டியது இதயம்தான்" என்றேன்.

குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேண்டும். அதைக் கொடுத்தாலோ புதுக் காயத்திலிருந்து ரத்தம் கசியும். அன்றிரவு அவருக்கு ரத்தம் போதவில்லை. இங்கே பணிபுரியும் என் வகுப்புத் தோழனுக்குப் போன் செய்தேன். இரண்டு மணிக்கு நம் விடுதி மாணவர்கள் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். ஆறாம் நாள் பம்பின் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தோம். இதயம் தாக்குப்பிடித்தது. அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஆபரேஷனுக்குப் பின் எக்மோ வைக்கப்படும் பெரியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வீடு திரும்புகிறார்கள். அடுத்த ஆண்டே ஒரு கல்லூரி மாணவன். எட்டு நாள் இயந்திரம் குறையில்லாமல் ஓடியது, இதயம் எழுந்திருக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு "நிறுத்திடாதீங்க சார்" என்றார் அவன் தகப்பனார். மருத்துவர்கள் அவரை உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார்கள். கடைசியில் அவரே தலையசைத்தார். பம்பை நிறுத்தியது என் கை. ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எப்போது நிறுத்துவது என்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

தம்பிகளே, தங்கைகளே, ஒரு வேண்டுகோள். இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், ரத்தத்தை எந்த ஆலையிலும் செய்ய முடியாது. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருப்பதும் கடினம். இன்று வாசலில் ரத்ததானப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.